பந்து வீசுபவனுக்கு யார் துணை?

அல் கூஸில் தொழிலாளர் விடுதிகளை அண்டிய மணல்வெளிகளில், ஓய்வு நாட்களில் நம்மவர்கள் கிரிக்கெட் ஆடுவதைக் கண்டிருக்கிறோம். டேப் சுற்றிய டென்னிஸ் பந்து ஒன்றே அவர்களுக்கு உண்டு. அது நைந்து உரியும்வரை ஆட்டம் நடக்கும். பந்து பழசாக ஆக, வீசுபவனின் கையில் வித்தை கூடும்.

2005 முதல் இதே டுபாயில் தலைமையகம் கொண்டுள்ள சர்வதேச கிரிக்கெட் சபையோ 2011இல் வேறு விதமாக விதித்தது. ஒருநாள் ஆட்டத்தில் முனைக்கொன்றாக இரு புதிய பந்துகள். எந்தப் பந்தும் 25 ஓவர்களுக்கு மேல் உழைக்கவில்லை. தேய்ந்த பந்து எதிர்த்திசையில் வளையும் ‘ரிவேர்ஸ் ஸ்விங்’ கலை அருகிப்போயிற்று. ஓட்டக் குவிப்பே கூட்டத்தை ஈர்க்கும் என்பது கணக்குப் போலும்.

இந்த ஓரவஞ்சனை நமக்குப் புதிதன்று. 1995 டிசெம்பர் 26இல் மெல்பேர்ணில், பந்தை எறிகிறார் என்று முத்தையா முரளிதரனுக்கு எதிராக ஏழு தடவை ‘நோ போல்’ அறிவிக்கப்பட்டது. அவரது முழங்கையை ஆய்வுகூடங்களில் அளந்தார்கள். முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்ற பொதுவிதி 2005இல் வந்தது. துடுப்பு மட்டையின் விளிம்பு 40 மில்லிமீற்றருக்கு மேல் தடிக்கலாகாது என்ற வரம்பு வந்ததோ 2017இல்தான்!

2025 ஜூலை முதல், 34 ஓவர்கள் முடிந்ததும் ஒருநாள் ஆட்டம் ஒரே பந்துடன் தொடர்கிறது. இறுதியில் அப்பந்து 33 ஓவர்கள் உழைத்திருக்கும். அரை நியாயமே எனினும் வரவேற்கிறோம். இரு பந்துகளில் எதை வைத்துக்கொள்வது என்பதைப் பந்துவீசும் அணியே தெரிவுசெய்கிறது.