வேகம் வேறு, பயணம் ஒன்று: இருவர் மிதிவண்டிப் பயிற்சியின் அறிவியல்

ஞாயிற்றுக்கிழமை காலை. நீங்களும் உங்கள் நண்பரும் தம்போயிலிருந்து டாங்கா பே பக்கம் மிதிவண்டியில் கிளம்புகிறீர்கள். பத்து நிமிடத்தில் திரும்பிப் பார்த்தால், நண்பர் வெகு தொலைவில் வருகிறார். நின்று காத்திருக்கிறீர்கள். அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் நீங்கள் மறுபடியும் கிளம்பிவிடுகிறீர்கள். ஓய்வு கிடைத்தது உங்களுக்கு. அது தேவைப்பட்டதோ அவருக்கு! இப்படியே இரண்டு வாரம் போனால், மூன்றாவது வாரம் "எனக்கு வேலை இருக்கு" என்று அவர் சொல்லிவிடுவார்.

வேகம் வேறுபட்ட இருவர் சேர்ந்து பயிற்சி செய்ய முடியாதா, மாணவர்களே? தாராளமாக முடியும். அதற்குக் காற்றைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

காற்றுத் தடையின் கணக்கு

சமதளச் சாலையில் வேகம் கூடக் கூட, நாம் மிதிக்கும் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றே எடுத்துக்கொள்கிறது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயரும். அதை வெல்லத் தேவைப்படும் திறனோ வேகத்தின் கனத்திற்கேற்ப உயரும். 20 கிலோமீட்டர் வேகத்தை 30 ஆக்கினால் வேகம் 1.5 மடங்குதான். ஆனால் காற்றுக்காகச் செலவிடும் திறன் 1.5 × 1.5 × 1.5, அதாவது ஏறக்குறைய 3.4 மடங்கு!

ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். சக்கர உராய்வையும் சேர்த்துத் தோராயமாகக் கணக்கிட்டால், மணிக்கு 30 கிலோமீட்டரில் செல்ல 180 வாட் அளவு திறன் வேண்டும். முன்னால் ஒருவர் செல்ல, அவருக்கு நெருக்கமாகப் பின்னால் வருபவருக்குக் காற்றுத் தடை 30 விழுக்காடு குறைவதாகக் கொண்டால், அவருக்கு 135 வாட்டே போதும். அதே 135 வாட்டைக் கொண்டு தனியாக மிதித்தால் 27 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகலாம்.

அதாவது, தனியாக 27-ஐத் தாண்ட முடியாத நண்பர், உங்கள் முதுகுக்குப் பின்னால் 30-இல் வருவார். உழைப்பில் இருவருக்கும் குறைவில்லை.

அசிசுல்ஹஸ்னிக்குத் தெரிந்த இரகசியம்

திரெங்கானு, டுங்குனில் பிறந்த நம் நாட்டு வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங் 2017-இல் கெய்ரின் போட்டியில் உலக வெற்றியாளரானார். ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் தோக்கியோவில் வெள்ளியும் வென்றதும் இதே போட்டியில்தான். கெய்ரினில் முதலில் ஒரு சிறிய மோட்டார் வண்டி முன்னால் செல்லும். வேகத்தை 30-லிருந்து 50 கிலோமீட்டர் வரை மெல்ல உயர்த்திவிட்டு, மூன்று சுற்றுகள் மீதமிருக்கும்போது அது விலகும். அதுவரை வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, கடைசிப் பாய்ச்சலுக்குச் சக்தியைச் சேமிக்கிறார்கள்.

மேட்டில் என்ன செய்வது?

ஏற்றத்தில் இந்த உத்தி அவ்வளவாகப் பலிக்காது. அங்கே வேகம் குறைவு என்பதால் காற்றுத் தடையும் குறைவு. எதிரி இப்போது புவியீர்ப்பு. அவரவர் எடையை அவரவரே மேலே ஏற்ற வேண்டும். ஆகவே வலுவானவர் உச்சிக்குச் சென்று, திரும்பி இறங்கி, நண்பருடன் மீண்டும் ஏறலாம். அவர் ஒருமுறை ஏறும் நேரத்தில் நீங்கள் ஒருமுறைக்கும் மேல் ஏறியிருப்பீர்கள். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

உழைப்பை அளக்கக் கருவி வேண்டியதில்லை, பேசிப் பாருங்கள். முழு வாக்கியம் தடையின்றி வந்தால் மிதமான உழைப்பு. இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வரவில்லையென்றால் கடுமையான உழைப்பு. பின்னால் வருபவரிடம் அவ்வப்போது ஏதாவது கேளுங்கள். பதில் திணறினால் வேகத்தைக் குறைக்க வேண்டியவர் முன்னால் செல்பவரே.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, வெப்பம். ஜொகூரின் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் ஆவியாகாது. பின்னால் வருபவருக்குக் காற்றுத் தடை குறையும்போது, உடலைக் குளிர்விக்கும் காற்றும் குறைகிறது! எனவே வெயில் ஏறுமுன் கிளம்புங்கள்; தண்ணீர் குடியுங்கள். தலைசுற்றினால் உடனே நிழலில் நில்லுங்கள்.

இரண்டாவது, சாலை. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், விடியுமுன் நடந்த விபத்தில் மிதிவண்டியோட்டிய எட்டுப் பதின்ம வயதினர் உயிரிழந்தனர். பயிற்சிக்குப் பகல் வெளிச்சத்தையும் பூங்காப் பாதைகளையும் தேர்ந்தெடுங்கள். தலைக்கவசம் கட்டாயம். புதியவர்கள் ஒரு வண்டி நீளமாவது இடைவெளி விடுங்கள். பலன் சற்றுக் குறைந்தாலும் காற்றின் மறைவு கிடைக்கும். முன்சக்கரம் மற்றவரின் பின்சக்கரத்தை உரசினால், பெரும்பாலும் விழுபவர் பின்னால் வருபவரே. லாரிக்குப் பின்னால் ஒருபோதும் ஒட்டிச் செல்லாதீர்கள்.

செய்து பாருங்கள்

சமதளப் பூங்காப் பாதையில் ஐந்து நிமிடம் தனியாக ஓட்டி, நின்றவுடன் 30 விநாடி நாடித்துடிப்பை எண்ணுங்கள். நன்றாக ஓய்வெடுத்தபின், அதே வேகத்தில் நண்பரின் பின்னால் ஓட்டி மறுபடி எண்ணுங்கள். களைப்பு முடிவைக் குழப்பாமலிருக்க, வேறொரு நாள் வரிசையை மாற்றிச் செய்யுங்கள். பிறகு இருவரும் இடம் மாறுங்கள்.

உங்கள் குறிப்பேட்டில் வரும் எண்களை நண்பரிடம் காட்டுங்கள். அடுத்த ஞாயிறு அவருக்கு வேறு வேலை இருக்காது.