பழைய இல்லமும் பயிலும் கைகளும்

முன்னுரை

கற்றல் என்றவுடன் நம் நினைவில் எழுவன நூலும் வகுப்பறையுமே. மண்ணும் ஓர் ஆசான் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். இதனை உணர்த்த வல்லது, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து ஜெர்மன்டவுன் பகுதியிலுள்ள ‘விக்’ என்னும் வரலாற்று இல்லமாகும்.

இல்லமும் மரபும்

குவேக்கர் நெறியினரான ஒரே குடும்பத்தின் ஒன்பது தலைமுறையினர், 17-ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி 1973 வரை இவ்வில்லத்தை உடைமையாகக் கொண்டிருந்தனர். 1820-களில் இல்லத்தலைவி ஜேன் பவுன் ஹெய்ன்ஸ் அமைத்த ரோஜாத் தோட்டம், பழைய அமைப்புடனேயே இன்றும் பேணப்படுகின்றது.

அவர்தம் கணவர் ரூபன் ஹெய்ன்ஸ் கல்வியில் பெருவிருப்புடையவர். பிரான்சன் ஆல்காட் என்னும் ஆசிரியரை ஜெர்மன்டவுனுக்கு வரவழைத்துப் பள்ளி நடத்தத் துணைநின்றார். ஆயின் 1831-இல் ரூபன் மறைந்தார். புரவலரை இழந்த பள்ளியும் நெடுநாள் நிலைக்கவில்லை.

எனினும் அக்குடும்பத்தின் கல்வி வேட்கை மறையவில்லை. தோட்டக்கலைப் பயிற்சி பெண்களுக்கு எளிதில் கிட்டாத அக்காலத்தில், அதே பெயருடைய பின்தலைமுறைப் பெண்மணி ஒருவர் 1910-இல் ஆம்ப்ளர் என்னுமிடத்தில் பெண்களுக்கெனத் தோட்டக்கலைப் பள்ளியொன்றை நிறுவினார். அது 1958-இல் டெம்பிள் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

மண்ணில் பயிலும் கல்வி

இன்று அருங்காட்சியகமாக விளங்கும் விக் இல்லம், கண்ணாடிப் பேழைகளைக் காட்டுவதோடு அமைவதில்லை. இளையோர்க்கான கல்வித் திட்டங்களையும் நடத்துகின்றது. அதன் பண்ணையில் விளையும் காய்கறிகள் அக்கம்பக்கத்தார்க்கும் பயன்படுகின்றன.

தோட்டத்தில் நிற்கும் மாணவர்க்குப் பாடங்கள் பல. உலர்ந்த இலையும் காய்கறித் தோலும் நுண்ணுயிர்களால் மக்கி உரமாகின்றன. அக்குவியலைக் கிளறும்போது எழும் வெப்பம், அறிவியலைக் கைவழியே உணர்த்துகின்றது. பழைய ரோஜா வகைகளுட் பல ஆண்டிற்கு ஒருமுறை, கோடைத் தொடக்கத்தில் மட்டுமே பூப்பன. அவற்றைப் பேணுவோர் பொறுமையையும் கற்கின்றனர். வரலாறோ அவர்கள் காலடியிலேயே கிடக்கின்றது.

நிறைவுரை

ஒருவரை மட்டுமே நம்பிய பள்ளி அவரோடு முடிந்தது. தலைமுறைதோறும் கைகள் மாறிய தோட்டமோ இருநூறாண்டுகளாக வாழ்கின்றது. நற்பணி எதுவாயினும் அதனை இளையோர் கைகளில் ஒப்படைத்தலே அது நிலைபெறும் வழியாகும். முன்னோர் நட்டதைக் கண்டு மகிழ்வதோடு நில்லாமல், அதற்கு நீரூற்றவும் நம் பிள்ளைகளைப் பழக்குவோமாக!