வீட்டுச் சூளையும் காற்றோட்டமும்

சிறுபோகக் காலத்திற் கிணற்று நீர் அடிமட்டத்தை நோக்கிச் செல்லும்போது மரக்கறித் தோட்டஞ் செய்வோர் படும் துன்பம் யாவரும் அறிந்ததே. அக்காலத்திற் கைகொடுக்கும் எளிய முறைகளுள் ஒன்று பானைப் பாசனமாகும். சுட்ட மண்பானையொன்றைக் கழுத்தளவிற்கு நிலத்திற் புதைத்து, அதனைச் சுற்றிப் பூசணி, பாகல், கத்தரி முதலியவற்றை நட்டு, பானையில் நீரை நிரப்பி வாயை மூடிவிட்டால், பானையின் நுண்டுளைகள் வழியே நீர் சிறிது சிறிதாகக் கசிந்து வேர்களைச் சென்றடையும். சீன தேசத்திற் கி.மு. 1 ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வேளாண்மை நூலொன்றிலேயே இம்முறை கூறப்பட்டுள்ளது. மேற்பூச்சு இல்லாத பானையே இதற்கு ஏற்றது.

ஊரிற் குயவர் இருப்பின் அவரிடம் பானை வாங்குவதே நன்று. குயவர் இல்லாத இடங்களிற் கமக்காரர் சிலர் தாமே பானைகளையும் நாற்றுச் சட்டிகளையும் வனைந்து, அறுவடைக்குப்பின் எஞ்சும் வைக்கோலையும் உமியையுங்கொண்டு தம் வளவிலேயே சுட முற்படுகின்றனர். முயற்சி பாராட்டத்தக்கதே. ஆயினும் சூளையைப் பெரியதோர் அடுப்பு என்று எண்ணுதல் தவறு. அதனை எங்கே அமைப்பது, காற்று எவ்வாறு உட்புகுந்து வெளியேறுவது என்பவற்றை அறியாது தீ மூட்டுதல் உயிருக்கே கேடாய் முடியலாம்.

மறக்கவொண்ணாத ஓர் இரவு

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் கடமையாற்றிய கிராமமொன்றிற் கமக்காரர் ஒருவர் என் ஆலோசனைப்படி பானைப் பாசனத்தைக் கைக்கொள்ள விரும்பினார். பானை வனையும் விதத்தையும் களிமண்ணிற் சேர்க்க வேண்டிய மணலின் அளவையும் அவருக்கு எடுத்துரைத்தேன். சூளையைப் பற்றி ஒரு வார்த்தையேனும் கூறினேனல்லேன். அது என் குற்றமே.

சுடுவதற்குக் குறித்த நாளில் மழை தூறிற்று. எனவே, அவர் வீட்டுச் சுவரோடு சேர்ந்த சாய்ப்பினுட் சூளையை அமைத்து, தூவானம் படாதவாறு மூன்று பக்கமும் கிடுகினாற் கட்டி மறைத்தார். பகல் முழுவதும் எரித்து, மாலையில் உமியைக் குவித்து வாயை அடைத்தார். புகை அடங்கியது. நாய்கள் புகுந்து பானைகளை உடைத்துவிடாதபடி காவலிருக்கவென்று தகப்பனும் பன்னிரண்டு வயது மகனும் சூளையருகே பாய் விரித்துப் படுத்தனர்.

நள்ளிரவிற் பையன் சத்தி எடுக்கும் ஒலி கேட்டுத் தாய் விழித்தாள். தகப்பனை எழுப்பினால் அவரால் நிற்க முடியவில்லை. அயலவர் கூடி இருவரையும் முற்றத்திற்கு இழுத்து வந்து, வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். ஒட்சிசன் கொடுக்கப்பட்டு இருவரும் பிழைத்தனர். மறுநாள் நான் பார்க்கச் சென்றபோது அவர் சொன்னது இதுதான்: “ஐயா, புகை அடங்கின பிறகுதானே படுத்தோம்!”

பானைகள் ஒன்றேனும் வெடிக்காமல் நன்றாய் வெந்திருந்தன. அவற்றைக் கண்டு மகிழ எனக்கு மனம் வரவில்லை. அன்று நான் கூறாது விட்டவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

கண்ணுக்குப் புலப்படாத நஞ்சு

விறகு போதிய காற்றுடன் எரியும்போது பெரும்பாலும் காபனீரொட்சைட்டும் நீராவியும் உண்டாகின்றன. காற்றுப் போதாதவிடத்துக் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு மிகுதியாக உண்டாகின்றது. இதற்கு நிறமில்லை; மணமில்லை; கண்ணையும் இது உறுத்துவதில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதிலும் 200 மடங்கிற்கு மேற்பட்ட வலிமையுடன் இவ்வாயுவைப் பற்றிக்கொள்ளும். அதனால் மூச்சு நடந்துகொண்டிருக்கவே உடல் ஒட்சிசனின்றி வாடுகின்றது. தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், சோர்வு என்பன முதற் குறிகளாகும். உறங்குபவர் இக்குறிகளை உணராமலே உயிர் துறத்தல் கூடும்.

புகை கண்ணைக் கரிப்பதால் மனிதன் தானாகவே விலகிச் செல்கின்றான். புகை அடங்கித் தணல் கனன்றுகொண்டிருக்கும் வேளையிலோ அவன் அஞ்சாது அருகிற் செல்கின்றான். உமித்தணலும் கரித்தணலும் புகையின்றியே இந்நச்சுவாயுவை வெளிவிடும். ஆகவே, புகை நின்றதும் ஆபத்து நீங்கிற்று என்று எண்ணுதல் பெரும் பிழையாகும்.

இடந் தெரிதல்

சூளை வெட்டவெளியிலேயே அமைதல் வேண்டும். வீட்டினுள்ளும், சாய்ப்பிலும், மாட்டுக் கொட்டிலிலும், நாற்புறமும் மதில் சூழ்ந்த ஒடுங்கிய முற்றத்திலும் சூளை வைத்தலாகாது. யன்னலைத் திறந்துவைத்தாற் போதும் என்பது தவறான எண்ணமாகும்.

வீடு, கொட்டில், வைக்கோற்போர், கிடுகு வேலி ஆகியவற்றிலிருந்து குறைந்தது 30 அடியேனும் விலகியிருத்தல் நன்று. சூளையைச் சுற்றிப் பத்தடிக்குப் புல்லையும் சருகையும் செருக்கித் துப்புரவாக்குக. காய்ந்த ஓலை தொங்கும் தென்னையின் கீழோ பனையின் கீழோ சூளை வேண்டா.

காற்றின் திசையையும் நோக்குக. யாழ்ப்பாணத்திற் சோளகமும் மட்டக்களப்பிற் கச்சானும் வீசும் மாதங்களிற் காற்று முதலில் வீட்டைக் கடந்து பின்னர் சூளையை அடையுமாறு இடத்தைத் தெரிதல் வேண்டும். காற்றுக் கடுமையாய் வீசும் நாளில் தீ மூட்டுதலை ஒத்திவைக்க. அயலவர் வீடு எத்திசையில் உள்ளது என்பதையும் மறத்தலாகாது.

சூளையின் அமைப்பு

சிறிய தேவைக்கு உள்விட்டம் இரண்டரை அடியுள்ள வட்டச் சூளை போதும். சுட்ட செங்கல்லை உபயோகித்து, களிமண்ணும் மணலும் கலந்த சாந்தினாற் கட்டுக. சீமெந்துச் சாந்து வெப்பத்தில் வெடித்து உதிரும். ஆற்றிலும் குளத்திலும் எடுத்த ஈரக்கற்கள் தீயில் வெடித்துச் சிதறக்கூடியவை, அவற்றை விலக்குக.

கீழ்ப்பகுதி தீயறை, மேற்பகுதி பானை அடுக்கும் அறை. தீயறையின் நடுவிற் செங்கற்றூண் ஒன்றை எழுப்பி, சுவரின் உட்புறத்தே சுற்றிவர ஒரு விளிம்பும் அமைத்து, தூணிலும் விளிம்பிலும் தாங்குமாறு செங்கற்களைப் பரப்புக. கல்லுக்குக் கல் இரண்டு விரல் இடைவெளி இருத்தல் வேண்டும். அனல் அவ்விடைவெளிகள் வழியே மேலேறிப் பானைகளைச் சூழ்ந்து செல்லும்.

காற்றோட்டத்தின் இரகசியம் எளியது. கீழே எவ்வளவு வழியாற் காற்றுப் புகுகின்றதோ, மேலே ஏறக்குறைய அவ்வளவு வழியால் அது வெளியேறுதல் வேண்டும். தீ மூட்டும் வாய் 12 அங்குல அகலமும் 9 அங்குல உயரமும் உடையதாயின் அதன் பரப்பு 108 சதுர அங்குலமாகும். பானைகளின் மேல் ஓட்டுத் துண்டுகளைப் பரப்பி மூடும்போது, பக்கத்திற்கு இரண்டு அங்குலமுள்ள துவாரங்கள் 27 விட்டால் மேலேயும் 108 சதுர அங்குலம் கிடைக்கும். வாய் காற்று வீசும் திசைக்கு நேரே நோக்காது பக்கவாட்டில் இருத்தல் நன்று. இன்றேற் சுவாலை எரிப்பவர்மேற் பாயக்கூடும்.

காற்றோட்டம் சரியா என்பதைச் சூளையே தெரிவிக்கும். கரும்புகை ஓயாது எழுமாயினும், சுவாலை வாய்வழியே திரும்பி வருமாயினும், உள்ளே காற்றுப் போதவில்லை என்பது பொருள். உடனே விறகிடுவதை நிறுத்தி, வாயிற் குவிந்த சாம்பலை நீண்ட கோலினால் இழுத்துவிடுக. நல்ல காற்றோட்டம் எரிப்பவரைக் காப்பதுடன் விறகையும் மீதப்படுத்தும்.

எரிக்கத்தக்கவையும் தகாதவையும்

காய்ந்த விறகு, தென்னை மட்டை, பனை மட்டை, சிரட்டை ஆகியவை ஏற்றவை. வைக்கோல் சட்டெனப் பற்றி விரைவில் அவியும். தீ மூட்டுவதற்கு மட்டும் உதவும். உமியைக் குவித்தாற் காற்றுவழி அடைபடுமாதலால் இடையிடையே சிறிதளவு தூவுதலே தகும்.

பீடைநாசினிப் போத்தல்கள், உரப்பைகள், பொலித்தீன், பிளாத்திக்கு, ரயர்த் துண்டுகள், வர்ணம் பூசிய பலகை என்பனவற்றை ஒருபோதும் சூளையிலிடலாகாது. அவற்றின் புகை கொடிய நஞ்சாகும்.

சுடும் முறை

பானைகளைக் குறைந்தது ஒரு வாரம் நிழலில் உலர்த்திப் பின்னர் வெயிலிலும் காயவைக்க. ஈரம் எஞ்சிய பானையில் நீர் ஆவியாகிப் பானையை வெடிக்கச் செய்யும். அதிகாலையில் தொடங்குதல் சிறந்தது. காற்று அடங்கியிருக்கும், பகல் வெளிச்சத்திலேயே வேலையும் முடியும்.

முதல் இரண்டு மூன்று மணி நேரம் வாயின் முகப்பிற் சிறு தீயே எரிக. ஈரம் முற்றாய் நீங்கியதா என்பதை அறிய, குளிர்ந்த தகரத் துண்டொன்றை நீண்ட குறட்டினாற் பிடித்து மேற்றுவாரத்தின்மேல் ஒரு கணம் காட்டுக. தகரத்தில் ஆவி படிந்தால் இன்னும் பொறுத்தல் வேண்டும். படியாதாயின் தீயைச் சிறிது சிறிதாகப் பெருக்கலாம். 573 பாகை செல்சியசு அளவிற் களிமண்ணிலுள்ள படிகக்கல் மணல் திடீரென விரிவடையும். ஏறும்போதும் இறங்கும்போதும் அவ்வெல்லையை மெதுவாகக் கடத்தல் வேண்டும். இன்றேற் பானை கீறும். உள்ளே பானைகள் மங்கிய செந்நிறம் கடந்து நன்கு சிவந்து ஒளிருமாயின், தோட்டப் பானைக்கு அவ்வேக்காடு போதும்.

எரிப்பவர் பருத்தி உடை அணிக. நைலோன் முதலிய துணிகள் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். துவாரத்தின்மேற் குனிந்து பார்த்தல் கூடாது. மணலும் நீர் நிறைந்த வாளிகளும் அருகில் இருத்தல் வேண்டும். அந்நீர் சுற்றுப்புறத்திற் பரவும் தீயை அணைப்பதற்கே. சூடேறிய சூளைமேல் ஊற்றினாற் கல் வெடிக்கும், கொதிநீராவி உடலைச் சுடும்.

ஆறவிடல்

இதுவே பலரும் ஏமாறும் கட்டம். வேக்காடு முடிந்ததும் பானை மெல்ல ஆறவென்று வாயை அடைப்பது வழக்கம். அடைத்ததும் உள்ளிருக்கும் தணலுக்குக் காற்றுக் குறைந்து நச்சுவாயு பெருகும். வெட்டவெளியில் அது காற்றோடு கலந்து போய்விடும்; அடைப்பான இடத்திலோ தங்கி நிற்கும். ஆகவே, அடைத்த சூளையைச் சுற்றிப் படங்கோ கிடுகோ கட்டி மறைத்தலும் அதனருகே உறங்குதலும் கூடா. மழைக்கு அஞ்சினாற் சுடும் நாளை மாற்றுக. நாய்க்கு அஞ்சினால் முள்ளை வெட்டிச் சுற்றிவர இடுக.

நுளம்பை ஓட்டுவதற்கென்றும் குளிருக்கென்றும் சூளைத் தணலைச் சட்டியில் அள்ளி வீட்டினுள் வைப்பதும் இதே ஆபத்தை விளைக்கும். மறுநாள், பானை கைபொறுக்கும் சூட்டிற்கு வந்த பின்னரே சூளையைப் பிரிக்க. உமிச்சாம்பற் குவியலின் மேற்புறம் குளிர்ந்திருப்பினும் உள்ளே தீ நெடுநேரம் உறங்கும். பிள்ளைகளை அப்பக்கம் விடலாகாது. நன்கு ஆறியபின் நீர் தெளித்து, தூசு பறவாதவாறு அள்ளுக. இச்சாம்பலைத் தோட்டத்திற்கு இடலாம்.

ஆபத்து நேர்ந்தால்

சூளையருகே நின்றவருக்குத் தலையிடியோ மயக்கமோ காணின் ஒரு கணமும் தாமதியாது அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டு செல்க. அடைப்பான இடத்தினுள் மீட்கச் செல்பவரும் அங்கே தங்கி நிற்றலாகாது. 1990 என்னும் இலக்கத்துடன் தொடர்புகொண்டால் அம்புலன்சு இலவசமாகக் கிடைக்கும். தேறியவர்போற் காணப்படினும் வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும். தீப்புண்ணைச் சுத்தமான ஓடும் நீரில் 20 நிமிடம் குளிரச் செய்க. நெய், பற்பசை முதலியவற்றைப் பூசவேண்டா.

நினைவிற் கொள்க

சூளை வெட்டவெளியில்.
கீழே புகும் காற்று மேலே வெளியேறுக.
புகை நின்றாலும் தணல் உண்டு. தணல் உள்ளவரை நஞ்சும் உண்டு.
உறங்கும் இடம் வேறு, சூளை இருக்கும் இடம் வேறு.

அக்கமக்காரர் இன்றும் பானை சுடுகின்றார். அவருடைய சூளை இப்போது வீட்டிலிருந்து நாற்பது அடிக்கப்பால், வெறுந் தரையில், கூரையின்றி நிற்கின்றது. அவருடைய தோட்டத்திற் பாகற்கொடிகளின் நடுவே புதைத்த பானைகள் கோடையிலும் நீர் கசிகின்றன. அவரைப்போற் செய்ய விரும்பும் கமக்காரர் தீ மூட்டுவதற்கு முன்னரே தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அழைத்து இடத்தைக் காட்டுவார்களாக.