டின் நண்டுக்குள் கண்ணாடியா?

நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடற்கரைக்குப் போனால் வலையில் சிக்கிய நீலக்கால் நண்டுகளைப் பார்க்கலாம். இவ்வகை நண்டின் சதையை டின்னில் அடைத்து வெளிநாடுகளில் விற்கிறார்கள். அப்படி ஒரு டின்னைத் திறப்பவருக்குச் சில சமயம் பகீரென்று இருக்கும். உள்ளே கண்ணாடிச் சில்லு மாதிரி ஏதோ மின்னும்!

பெரும்பாலும் அது ஸ்ட்ரூவைட் என்னும் கனிமமாக இருக்கும். நண்டின் சதையில் மெக்னீசியமும் பாஸ்பேட்டும் உண்டு. டின்னைச் சூடாக்கும்போது புரதம் சிதைந்து அம்மோனியா வரும். ஆறும்போது மூன்றும் கைகோத்து, கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு படிகமாகிவிடும். அந்தப் படிகத்தின் எடையில் 44 சதவீதம் தண்ணீர்தான். ஆனால் தொட்டால் ஈரமே தெரியாது! எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

கண்ணாடியா, ஸ்ட்ரூவைட்டா? கையால் நசுக்கிப் பார்க்காதீர்கள். பெரியவர்களிடம் சொல்லி, வெதுவெதுப்பான வினிகரில் போடச் சொல்லுங்கள். ஸ்ட்ரூவைட் மெல்லக் கரையும். கண்ணாடி அப்படியே கிடக்கும். ஸ்ட்ரூவைட் மிக மென்மையானது. மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 1.5 முதல் 2 வரைதான்; கண்ணாடிக்கோ சுமார் 5.5. சூடான, உலர்ந்த காற்றில் வைத்தால் அம்மோனியாவையும் தண்ணீரையும் இழந்து வெளுத்து மாவாகும்.

இயற்கையில் இது அபூர்வம். 1845இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் தேவாலயம் கட்டத் தோண்டியபோது, பழைய சாணம் மட்கிய மண்ணில் கிடைத்தது. ஆம், சாணத்திலும் மூத்திரத்திலும் இந்தக் கல் விளையும்! தானியத்தையே அதிகம் தின்னும் கிடாக்களுக்கு மூத்திரப்பாதையில் இது அடைத்துக்கொள்வதுண்டு. தழை மேய்ந்து, நிறையத் தண்ணீர் குடித்தால் அந்த ஆபத்து குறையும்.

கழிவுநீர்க் குழாய்களையும் இது அடைக்கும். ஆனால் ஜப்பானிலும் கனடாவிலும் கழிவுநீரில் மெக்னீசியம் சேர்த்து, வேண்டுமென்றே இதை விளைவித்து உரமாக்குகிறார்கள். நல்ல யோசனை! உரத்துக்கான பாஸ்பேட் பாறையை இந்தியா பெருமளவு இறக்குமதி செய்கிறது. நம் மாவட்டத்து வம்பனில் பயறுக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் இருக்கிறதே, அந்தப் பயறுகளின் வேர்முடிச்சு வளர மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், அவசியம். ஸ்ட்ரூவைட் மழையில் சட்டென்று கரைந்தோடாது. வேர் சுரக்கும் அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, மணிச்சத்தையும் தழைச்சத்தையும் பயிருக்குத் தரும்.