உங்க வீட்டு கேஸ் மீட்டர் சரியா ஓடுதா? பில்லில் கவனிக்க வேண்டியது என்ன?

சிலிண்டர் எப்போ தீரும்ங்கிற கவலை இல்லை. ஆனா இந்த மீட்டர் சரியாத்தான் ஓடுதா? குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு, அதாவது பிஎன்ஜி இணைப்பு வாங்கியவர்களுக்கு வரும் சந்தேகம் இது. சிலிண்டரை எடை போட்டுப் பார்க்கலாம். குழாயில் வரும் கேஸை எப்படிச் சரிபார்ப்பது? பார்ப்போம்.

மீட்டர் எப்படி அளக்கிறது?

வீடுகளில் இருப்பது பெரும்பாலும் டயாஃப்ரம் மீட்டர். உள்ளே துருத்தி போன்ற அறைகள் இருக்கும். அவை கேஸால் நிரம்பி, காலியாகி, மறுபடி நிரம்பும். படியால் அரிசி அளப்பது மாதிரிதான். கறுப்பு எண்கள் கன மீட்டரைக் காட்டும். புள்ளிக்குப் பிறகு வரும் சிவப்பு எண்கள் அதற்கும் குறைவான அளவு.

எவ்வளவு தவறு அனுமதி?

எந்த மீட்டரும் நூறு சதவீதம் துல்லியம் கிடையாது. சர்வதேச அளவியல் பரிந்துரைப்படி, 1.5 வகுப்பைச் சேர்ந்த புது மீட்டர் வழக்கமான ஓட்டத்தில் 1.5 சதவீதம் கூடவோ குறையவோ காட்டலாம். மிகக் குறைந்த ஓட்டத்தில் 3 சதவீதம் வரை போகலாம். பயன்பாட்டில் உள்ள மீட்டருக்கு இந்த வரம்பு இரு மடங்கு.

வெயிலுக்கும் பில்லுக்கும் என்ன தொடர்பு?

பில்லில் இருக்கும் எஸ்சிஎம் என்பது 15 டிகிரி செல்சியஸ் வெப்பம், 1.01325 பார் அழுத்தத்தில் உள்ள ஒரு கன மீட்டர் கேஸ். சூடானால் கேஸ் விரியும். 30 டிகிரியில் அதே ஒரு கன மீட்டருக்குள் சுமார் 5 சதவீதம் கேஸ் குறைவாக இருக்கும். வீட்டுக் குழாயில் 21 மில்லிபார் கூடுதல் அழுத்தம் இருந்தால் சுமார் 2 சதவீதம் ஈடாகும். மிச்சம் 3 சதவீதம், வாடிக்கையாளர் தலையில்!

வெப்பத் திருத்தம் உள்ள மீட்டர் என்றால் இந்தப் பிரச்சினை குறைவு. உங்க மீட்டர் எந்த வகை, பில்லில் திருத்தக் கணக்கு உண்டா என்று நிறுவனத்திடம் கேளுங்க. கேட்பது உங்கள் உரிமை.

பணமாகப் பார்த்தால்?

உதாரணத்துக்கு, இரண்டு மாதத்தில் 30 யூனிட், யூனிட் 50 ரூபாய் என்றால் பில் 1,500 ரூபாய். 3 சதவீதம் என்பது 45 ரூபாய். ஒரு வீட்டுக்குச் சின்னத் தொகை. ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சேர்த்தால் பெரிய தொகை. ஆனால் பில் திடீர்னு இரு மடங்கு ஆச்சுன்னா அதுக்கு வெயில் காரணமில்லை. தவறான ரீடிங், கசிவு, மீட்டர் பழுது - இவற்றைத்தான் பார்க்கணும்.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

* பில்லில் உள்ள ரீடிங்கை மீட்டரோடு ஒப்பிடுங்க. ஆள் வராமல் உத்தேசமாகப் போட்ட ரீடிங்கா என்று பாருங்க. மாதம் ஒரு முறை மீட்டரை போட்டோ எடுத்து வைங்க.

* எல்லா பர்னரையும் அணைத்து, மெயின் வால்வை மட்டும் திறந்து வைங்க. சிவப்பு எண்களைக் குறித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்க. நகர்ந்திருந்தால் கசிவு இருக்கலாம்.

* எண் நகரலைன்னா கசிவே இல்லைன்னு முடிவு பண்ணிடாதீங்க. மிகச் சிறிய கசிவை மீட்டர் பதிவு செய்யாது. இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால் குமிழி காட்டிக் கொடுக்கும்.

கேஸ் வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடாதீங்க. வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து நிறுவனத்தின் அவசர எண்ணை அழைங்க.

எங்கே புகார் செய்வது?

முதலில் நிறுவனத்திடம் எழுத்துபூர்வமாக மீட்டர் சோதனை கேளுங்க. புகார் எண்ணை வாங்கி வைங்க. தீர்வு கிடைக்கலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். மாதாமாதம் எடுத்த போட்டோக்கள்தான் அப்போது உங்க கையில் இருக்கும் ஆதாரம்.