நூறு நாள் மலையேற வேண்டாம்

ஏற்காட்டின் காற்றே பாதி மருந்து என்று நம்புகிறவர்கள் சேலம் பக்கம் அதிகம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், பனி, சில்வர் ஓக் நிழல். பெரும்பாலான நோயாளிகளுக்கு இந்த நம்பிக்கையால் கெடுதல் ஏதும் இல்லை. ஆனால் இன்னொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றிக்கொண்டு வேலூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ திரும்பும் சேர்வராயன் மலைக்காரருக்கு இது ஆபத்தான யோசனை. செல் ஏறிய பிறகு வரும் நூறு நாளில் எங்கே தங்குகிறோம் என்பதைப் பொறுத்தே இந்தச் சிகிச்சையின் பலன் பெருமளவு அமையும்.

பலரும் இதை ஆபரேஷன் என்கிறார்கள். நோயாளியின் மேல் கத்தி படுவதில்லை. ரத்தப் புற்றுநோய், தலசீமியா, ஏபிளாஸ்டிக் அனீமியா போன்றவற்றில், பழுதான மஜ்ஜையை முதலில் ஒரு வாரம் போல கீமோதெரபி கொடுத்து அடக்குகிறார்கள். பிறகு கொடையாளரின் செல்கள் ஒரு பையில் வந்து, ரத்தம் ஏற்றுவதுபோலச் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். மொத்தச் சிகிச்சையிலும் சுலபமான நாள் அநேகமாக அதுதான். அடுத்த இரண்டிலிருந்து நான்கு வாரம் உடம்பில் வெள்ளணு இருக்காது. வாய்ப்புண்ணில் எச்சில் விழுங்குவதே பாடாகிவிடும். பேதி போகும், முடி கொட்டும். காற்றை வடிகட்டி அனுப்பும் அறை. பார்க்க வருபவர் பூவும் பழமும் கொண்டுவரக் கூடாது. நியூட்ரோபில் எண்ணிக்கை 500-ஐத் தாண்டி மூன்று நாள் நிலைத்தால் செல் 'பிடித்துவிட்டது'. வேலூர் சி.எம்.சி. 1986-இல் இதைத் தொடங்கிய பிறகு மருந்துகள் எவ்வளவோ மாறிவிட்டன. இந்த வரிசை மாறவில்லை.

பிடித்தவுடன் பிழைத்தோம் என்று உறவினர்கள் மூச்சுவிடுவார்கள். அங்கேதான் கவனம் தளர்கிறது. வந்த செல்கள் தாங்கள் குடியேறிய உடம்பையே அந்நியமாக நினைத்துத் தாக்கலாம், டாக்டர்கள் ஜி.வி.எச்.டி. என்பார்கள். உள்ளங்கையில் சிவந்த தடிப்பு, அடங்காத பேதி, கண்ணில் மஞ்சள் என்று அது தலைகாட்டும். அதைத் தடுக்கத் தரும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளோ எதிர்ப்பு சக்தியையும் சேர்த்து அமுக்குகின்றன. நம்மில் பலர் உடம்பில் தூங்கிக் கிடக்கும் சி.எம்.வி. வைரஸ் அப்போது விழித்துக்கொள்ளும். வாராவாரம் ரத்தத்தில் தேடிப் பிடித்தால் மருந்தில் அடங்கும். நுரையீரலில் இறங்கிய பிறகு பிடித்தால் உயிருக்குப் போராட்டம்.

இனி மலைக்கு வருவோம். நவம்பரிலிருந்து காபிப் பழம் எடுக்கிறார்கள். பழத்தோல் குவியலாகக் கிடந்து புளிக்கும். ஈரச் சுவரில் பூஞ்சை கறுப்பாகப் படரும். அந்தத் தூசியில் மிதக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் வித்துகளை ஆரோக்கியமான நுரையீரல் சத்தமில்லாமல் அகற்றிவிடும். புது மஜ்ஜைக்காரரால் முடியாது. நகரத்தில் மட்டும் கிருமி இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது, முகக்கவசம் கட்டாயம்தான். ஆனால் அங்கே மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. இங்கே 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் அரசு மருத்துவமனையில் முதல் ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ளவும் வேண்டும். மற்றதற்கெல்லாம் இன்னும் 200 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும்.

எஸ்டேட் கூலியில் வாழும் குடும்பம் மூன்று மாதம் வேலூரில் அறை எடுக்க முடியுமா என்பது இதைவிடக் கனமான கேள்வி. காப்பீடு வார்டுக்குக் கொடுக்கும். அறை வாடகைக்கும் துணைக்கு வந்தவரின் இழந்த கூலிக்கும் யார் கொடுப்பது? என் கணக்கில் அந்தச் செலவும் சிகிச்சைச் செலவுதான்; அரசு உதவியில் அதற்கும் இடம் வேண்டும். அது கைக்கு வரும்வரை, தலசீமியா போலக் கொஞ்சம் அவகாசம் தரும் நோயென்றால், டாக்டரிடம் பேசிச் சில மாதம் தள்ளிப்போடுவது நாற்பதாம் நாள் ஊர் திரும்புவதைவிட மேல். ரத்தப் புற்றுநோயில் அந்த அவகாசம் கிடைப்பது அரிது. கொடையாளர் விஷயத்தில், உடன்பிறந்தவர் ஒவ்வொருவரும் முழுமையாகப் பொருந்த வாய்ப்பு நாலில் ஒன்று. பாதி பொருந்தும் அப்பா அம்மாவிடம் எடுத்தே இப்போது செய்கிறார்கள் என்பது பெரிய ஆறுதல். ஆனால் அதனால் நூறு நாளில் ஒரு நாளும் குறையாது.

கையெழுத்துப் போடுமுன் தங்குமிடம், சமைக்க ஆள், இரவில் அழைக்க வேண்டிய எண் மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள்.