இணையப் பத்திரிகைகளின் வருவாய்

ஆவடியினின்று சென்னைக்குச் செல்லும் மின்சார ரயிலில், காலை வேளையிற் செய்தித்தாளை விரித்திருப்போர் இப்போது அரியர். ஏனையோர் கைப்பேசியிற் படிக்கின்றனர். அதற்கெனக் காசு கொடுப்போர் மிகச் சிலரே. அங்ஙனமாயின், செய்தி திரட்டுவோர்க்கு ஊதியம் எங்கிருந்து வருகின்றது?

பெரும்பாலும் விளம்பரத்தினின்றே. இது புதிய வழியன்று. 1928-ஆம் ஆண்டில் ஆனந்த விகடனை வாங்கிய எஸ். எஸ். வாசன் அவர்கள் விளம்பரத் தொழிலிற் பழகியவரே. ஆயினும் அச்சுத்தாளில் வணிகர் வாங்கியது இடம். இணையத்திலோ வாசகனையே வாங்குகின்றனர். அம்பத்தூரில் ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்தவுடன், அவர் ஊர், முன்னர்த் தேடிய பொருள் முதலியவற்றைக் காட்டி, இமைப்பொழுதில் ஓர் ஏலம் நடைபெறுகின்றது. மிகுந்த விலை கேட்டவரது விளம்பரம் அப்பக்கத்தில் அமரும். தாய்க்கெனத் தையற்பொறி ஒன்றைத் தேடிய மாணவனை அப்பொறி பல நாள் விடாது பின்தொடர்வது இதனாலேயே!

விலை, ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்பது வழக்கம். அதிலும் தரகர் பங்கு கழியும். அத்தரகருட் பெரிய கூகிள் நிறுவனம் இத்துறையிற் சட்டவிரோதமாக ஏகபோகம் கொண்டதென அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2025 ஏப்ரலிற் தீர்ப்பளித்தது. எஞ்சுவது சிறிதாதலின், பார்வையைப் பெருக்க வேண்டி, உள்ளீடற்ற செய்திக்கும் ஆரவாரத் தலைப்பு இடுகின்றனர்.

மற்றொரு வழி கட்டணச் சுவர். சந்தா செலுத்தினார்க்கே கதவு திறக்கும். நியூயார்க் டைம்ஸ் 2011 மார்ச்சில், திங்களுக்கு இருபது கட்டுரைகளை இலவசமாக அளித்து, மேற்படிக்கக் கட்டணம் கேட்டது. நம் நகரில் 1878-இல் தோன்றிய இந்துவும், விகடனும் இன்று இணையச் சந்தா பெறுகின்றன. காந்தியடிகள் யங் இந்தியா, நவஜீவன் என்னும் இதழ்களை விளம்பரமின்றியே நடத்தினார். வாசகன் பணத்தால் வாழும் இதழ் வாசகனுக்கே அஞ்சும். ஆதலின் சுவரே நேர்மையான வழியென எமக்குத் தோன்றுகின்றது.

ஆனால் அச்சுவர்க்குப் புறத்தே நிற்போரும் யாமே. ஆய்ந்தெழுதிய கட்டுரை இரண்டாம் பத்தியில் நின்றுவிட, வதந்தியோ தடையின்றிக் கிடைக்கின்றது. வாசகசாலை மேசையிற் கிடந்த ஒரு தாளை நூறு பேர் படித்தனர். இணையச் சந்தாவோ பெரும்பாலும் ஒருவர் கணக்கிற்கே உரியது. கல்லூரிக்குப் பொதுவான சந்தா பெற இயலுமா என்பதை எம் நூலகத்தார் விசாரித்தருள வேண்டுகின்றோம்.